பிரிந்தார் கூடல்

சென்னை மாநகருக்கு வடக்கே, மெல்லிய மணற்றிட்டொன்றால் வங்கக் கடலினின்றும் பிரிக்கப்பட்டுக் கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்துப் பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. 1613-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இங்கே கோட்டையொன்று கட்டி வாணிகம் நடத்தினர். அவர் கோட்டை இன்று மேடாகிக் கிடக்கின்றது. அவர்தம் கல்லறைகள் மட்டும் செதுக்குவேலை குன்றாது நிற்கின்றன. வந்தவர் சென்றனராயினும், ஏரியை நம்பி வாழும் வலைஞர் குப்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

இவ்வேரிக்கு உயிர்நாடி அதன் முகத்துவாரம். கடலும் ஏரியும் கலக்கும் வாயில் அதுவே. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும்; அதன் குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குட் புகுந்து, ஆழமில்லாத அமைதியான நீரில் வளர்ந்து, பருவமெய்திய பின்னர் மீண்டும் கடலையே நாடிச் செல்லும். மடவையும் பிற மீன்களும் இவ்வாறே வந்து போவன. கடலலைகள் கரையோரமாய்த் தள்ளிவரும் மணல் சிறுகச் சிறுகச் சேர்ந்து இவ்வாயிலைத் தூர்த்துவிடுமாயின், வரவும் செலவும் நின்றுபோம். ஏரி பார்வைக்கு முன்போலவே பரந்து கிடக்கும். ஆனால் வலையில் ஒன்றும் விழாது. அடைத்த வாயிலைக் குப்பத்தார் கூடி மண்வெட்டியால் வெட்டித் திறந்த நாட்களும் உண்டு. எனினும், ஆரணியாறும் காளங்கியும் கொணரும் மழைவெள்ளம் உள்ளிருந்து தள்ளாதவிடத்து, வெட்டிய வாய் மீண்டும் தூர்ந்துவிடுதல் கண்கூடு.

இக்காட்சியை நாம் முதற்கண் எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. கணவனும் மனைவியும் மனம் வேறுபட்டுப் பிரிந்து வாழ்தலும், பின்னர் ஒருகால் ஒன்றுகூடுதலும் இத்தன்மையவே. அக்கூட்டம் நிலைபெறுதற்கு வேண்டுவன யாவை என்பதை இக்கடற்கரை மக்கள் வாழ்வையும், நம் பழைய நூல்களையும், நாட்டின் சட்டங்களையும் துணைக்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒவ்வோர் ஒழுக்கத்தை உரிமையாக்கினர். மருதத்திற்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல். சென்றவன் மீள்வானோ, மீளானோ என்று கரையில் நின்று கலங்குதலே கடற்கரையின் ஒழுக்கமென அவர் கண்டது எவ்வளவு பொருத்தம்! ஊடல் வேறு, பிரிவு வேறு என்பதையும் அவர் அறிந்திருந்தனர். திருவள்ளுவர் காமத்துப்பாலை ஊடலுவகையில் முடிக்கின்றார். புலவியை உணவிற்கு இடும் உப்போடு ஒப்பிட்டு, அளவோடு அமைவது சுவை தரும், சற்றே மிகினும் கெடுக்கும் என்பது அவர் கருத்து. பழவேற்காட்டார்க்கு இவ்வுவமை விளக்க வேண்டுவதொன்றன்று. ஏரி நீரில் உப்பு மிகுந்தாலும், வாயில் அடைத்து உப்புக் குன்றினாலும், இறால் வளம் கெடும் என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்தவரன்றோ?

இனி, குப்பங்களில் இல்லறம் முறிதற்குரிய காரணங்களைக் காண்போம். வலைத்தொழிலின் வரவு நாளுக்கு நாள் மாறுவது. ஒரு நாள் கூடை நிறையும். பத்து நாள் வெறுங்கையோடு மீள நேரும். படகிற்கும் வலைக்கும் வாங்கிய கடன், மீன் பட்டாலும் படாவிட்டாலும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆடவர் கடலினின்று கரையேறும்போது, பெண்டிர் கூடையைச் சுமந்து சந்தைக்குப் புறப்படுவர். மீனைப் பணமாக்குபவள் மனைவி. ஆதலின் வீட்டுச் செலவின் கணக்கை நன்கறிந்தவளும் அவளே. அப்பணம் மதுக்கடைக்குச் செல்லுமாயின், அங்கே தொடங்கும் சொல், அடியில் முடிதலும் உண்டு. பிழைப்புத் தேடி ஆடவர் பிற துறைமுகங்களுக்குச் சென்று மாதக்கணக்காய்த் தங்குவதும் மற்றொரு காரணம். அவள் தாய்வீடு செல்வாள், அவன் அழையான், மாதம் ஆண்டாகும். பகையென்று சொல்லத்தக்க பெருநிகழ்ச்சி ஒன்றும் நிகழாமலேயே மணல் சேர்ந்து வாய் தூர்ந்துவிடும்.

இவையேயன்றி, இருவர்மேலும் ஒருங்கே விழும் பேரிடியும் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8000 உயிரைக் கொண்டு சென்றது. பழவேற்காட்டுக் கரையையும் அது தாக்கிற்றெனினும், தெற்கே நாகப்பட்டின மாவட்டத்தில் நேர்ந்த அழிவே மிகக் கொடியது. மாண்டவருள் குழந்தைகள் மிகப் பலர். பெற்ற மக்களையெல்லாம் ஒரே காலையில் இழந்த தாய்தந்தையர் அக்கரை நெடுக இருந்தனர்.

துன்பம் இருவரை நெருக்கமாக்கும் என்பது பொதுக் கருத்து. நெருக்குதலும் உண்டு, பிளத்தலும் உண்டு. ஒருவர் வாய்விட்டு அழுவர். மற்றவர் பேசாது கடலையே நோக்கியிருப்பர். அழுபவர்க்கு அழாதவர் கல்நெஞ்சராய்த் தோன்றுவர். அழாதவர்க்கு அழுகையே ஒரு குற்றச்சாட்டாய் ஒலிக்கும். ‘நீ ஏன் கையை விட்டாய்?’ ‘நீங்கள் அன்று எங்கே போயிருந்தீர்கள்?’ என்னும் இரண்டு வினாக்களும், வாய்விட்டுக் கேட்கப்படாவிடினும், ஒரே கூரையின்கீழ் இரவெல்லாம் உலவக்கூடும். விடையில்லாத அவ்வினாக்களைச் சுமந்து இருவர் ஒன்றாய் வாழ்தல் எளிதன்று.

அக்காலத்துத் தமிழ்நாட்டு அரசு ஒரு புது வழியைக் கண்டது. முன்பே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டு, பின்னர் அலையில் மக்களை இழந்த பெண்டிர்க்கு, கருக்குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சையைச் செலவின்றிச் செய்விக்க ஏற்பாடு செய்தது. தனியார் மருத்துவமனையில் செய்துகொள்வோர்க்கு 25,000 ரூபாய் வரை உதவவும் முன்வந்தது. இதனால் மீண்டும் தொட்டில் கட்டிய வீடுகள் உண்டு. ஆயினும் இச்சிகிச்சை எல்லார்க்கும் பயன் தருவதன்று. மேலும், இறந்த குழந்தைக்கு மற்றொரு குழந்தை ஈடாகுமென்று சுற்றத்தார் எண்ணிய இடத்தில், ஆறாத துயரத்தோடு ஒரு புதுக் கடமையும் மனைவியின் தலைமேல் ஏறியிருக்கும். மருத்துவர் உடலின் வழியைத் திறக்கலாம். இருவரும் ஒருவர்க்கொருவர் தம் துயரத்தைச் சொல்லும் வழியை அவ்விருவரே திறத்தல் வேண்டும்.

அவ்வழி எவ்வாறு திறக்கும் என்பதை நம் காப்பியங்களில் இரண்டு நன்கு காட்டுகின்றன. முதலாவது சிலப்பதிகாரம். மாதவியைப் பிரிந்த கோவலன் புகார் நகரத்துத் தன் மனைக்கு மீண்டு, குலத்தோர் தேடிய பொருளை இழந்தது நாணமாயிருக்கின்றது என்கின்றான். கண்ணகி முறுவலித்துத் தன் சிலம்பைக் கொடுக்கின்றாள். இருவரும் அன்றிரவே மதுரைக்குப் புறப்படுகின்றனர். கூட்டம் நிகழ்ந்துவிட்டது என்று நாம் எண்ணுகின்றோம். இளங்கோவடிகள் அவ்வாறு எண்ணவில்லை. நெடுவழி நடந்து, மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குல மாதரி தந்த மனையில் கண்ணகி சமைத்துப் பரிமாறிய பின்னரே, கோவலன் தன் பிழையை வாய்விட்டு உரைக்கின்றான். இத்துணைத் துன்பம் அவளுக்கு விளைத்தேனே என்று வருந்துகின்றான். அப்பொழுதுதான் அவளும் பேசுகின்றாள். விருந்தோம்பும் உரிமையைத் தான் இழந்திருந்ததையும், மாமனும் மாமியும் காணவந்தபோது உள்ளத்து நோயை மறைக்கப் பொய்யாய் முறுவலித்ததையும், அவர் அதனைக் கண்டு வருந்தியதையும், கணவன் ஒழுகியது தகாத ஒழுக்கமே என்பதையும் ஒளியாது எடுத்துரைக்கின்றாள். புகாரில் முறுவலித்தவள் மதுரையில் உண்மை சொன்னாள். அவர்கள் உள்ளம் உண்மையாகவே ஒன்றியது அந்த எளிய ஆயர்மனையில்தான் என்பது எம் கருத்து. அரசன் பிழையால் அவ்வாழ்வு அன்றே முடிந்தமை நினைக்குந்தோறும் நெஞ்சை உருக்குவது.

இரண்டாவது நளன் கதை. அதனை வெண்பாவாற் பாடிய புகழேந்தியார் நம் தொண்டை நாட்டவர்; பழவேற்காடும் அந்நாட்டின் பகுதியே. சூதில் நாடிழந்த நளன், காட்டில் நள்ளிரவில், இருவரும் உடுத்திருந்த ஒரே ஆடையை அரிந்துகொண்டு, உறங்கும் தமயந்தியைவிட்டு நீங்குகின்றான். பின்பு உருமாறி, வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னனிடம் மடைத்தொழிலும் தேர்த்தொழிலும் புரிகின்றான். தந்தையின் வீடு சேர்ந்த தமயந்தி அழுதுகொண்டு வாளாவிருக்கவில்லை. அவனைத் தேடி ஆள் விடுக்கின்றாள். தன் கேள்வியை ஊர்தோறும் சொல்லச் செய்கின்றாள். இரண்டாம் சுயம்வரம் என்னும் சூழ்ச்சியால் அவனைத் தன் ஊருக்கே வருவிக்கின்றாள். வந்தவுடன் ஓடிச் சென்று தழுவினாளோ? இல்லை. அவன் சமைத்த உணவைக் கொண்டு ஆராய்கின்றாள். மக்களை அவன்முன் விடுத்து அவன் உள்ளம் உருகுமோ என்று பார்க்கச் செய்கின்றாள். வந்தவன் தன் நளனே என்று தெளிந்த பின்னரே ஏற்கின்றாள். கைவிடப்பட்டவர் ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளுதல் அன்பின்மை ஆகாது. அது அவருடைய உரிமை. குடியை விட்டேன் என்று வந்து நிற்கும் கணவனை, ‘ஆறு மாதம் பார்க்கட்டும்’ என்று தாய்வீட்டிலிருந்தே சொல்லும் ஒரு மீனவப் பெண் தமயந்தியின் வழியிலேயே நிற்பவளாவள்.

காப்பியத் தலைவர்க்குப் புலவர் துணையிருந்தார். குப்பத்து மக்களுக்கு யார் துணை? சோழமண்டலக் கரையின் பட்டினவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்னும் அமைப்பு நெடுங்காலமாய் உள்ளது. பழவேற்காட்டில் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ என்னும் ஏற்பாடும் ஊர்க்கட்டுப்பாட்டால் நடப்பதே. ஒருவனே நல்ல இடத்தை என்றும் பற்றிக்கொள்ளாமல், இன்று அவனுக்கும் நாளை மற்றவனுக்கும் அது கிட்டுமாறு செய்வது இம்முறை. மணமான ஆடவனைத் தலைக்கட்டாகக் கொண்டு ஊர்வரி வாங்குதலும் இக்கரையில் வழக்கம். ஆகவே, ஒரு மணம் முறிதல் இருவர் செய்தியாக மட்டும் நில்லாது ஊர்ச் செய்தியும் ஆகின்றது. கணவன் மனைவி வழக்கும் பஞ்சாயத்தார் முன் வருகின்றது.

இம்முறையில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. இருவரையும் சிறுபிள்ளை முதல் அறிந்தவர் கேட்பர், பொருட்செலவு குறைவு, கணவன் பலர் முன்னிலையில் தந்த வாக்கை எளிதில் மீற அஞ்சுவான். குறை யாதெனில், வழக்கமாக அவ்வவையில் அமர்வோர் ஆடவரே. அடிபட்டவள் ஊரார் அனைவரும் கேட்க எல்லாவற்றையும் சொல்ல இயலுமோ? ஊர் அமைதியை விரும்பும் நடுவர், ‘பொறுத்துப் போ, அம்மா’ என்று முடித்துவிட்டால், அது தீர்ப்பாகுமேயன்றித் தீர்வாகாது.

நடுவர் எத்தகையராய் இருத்தல் வேண்டும் என்பதற்குப் புறநானூறு ஒரு சான்று தருகின்றது. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வரும் அவனிடம் சென்று அவள்பொருட்டுப் பாடினர். பரிசில் பெற்று வாழ்பவராகிய அவர்கள், பொன்னும் பொருளும் வேண்டாம், அவள் துயரைத் தீர்ப்பதே எமக்குப் பரிசில் என்னும் கருத்துப்படப் பேசினர். பொறுத்திரு என்று அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. பிழை செய்தவனிடமே சென்று, அவளுடைய கண்ணீரை அவன் காணுமாறு செய்தனர். தமக்கெனப் பயன் நாடாமை, துன்புற்றவர் சொல்லைக் கொண்டுசேர்த்தல், வலியாரை நோக்கிப் பேசும் துணிவு ஆகிய மூன்றும் நடுவர்க்கு இலக்கணமெனக் கொள்ளலாம். பழவேற்காட்டில் இந்துக்களோடு கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கின்றனர். கணவன் குடியிலிருந்து ஒருவரும் மனைவி குடியிலிருந்து ஒருவரும் நடுவராய் அமைக என்பது இஸ்லாமிய வேதம் கூறும் நெறி. இருபுறமும் ஒத்த எடையுடைய நாவுகள் வேண்டுமென்பதே அதன் கருத்தாதல் தெளிவு.

ஊர் முடிக்க இயலாததைச் சட்டத்தின் முன் கொண்டு செல்வர். 1955-ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம், மணமுறிவுக்கு வழிகாட்டுவதோடு, இருவரையும் இணக்கப்படுத்த முயலும் கடமையையும் நீதிமன்றத்தின்மேல் வைத்தது. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் அக்கடமையை வலியுறுத்துகின்றது. மணத்தை முறிக்காமல் தனித்து வாழ மட்டும் உரிமை தரும் ‘நீதிமுறைப் பிரிவு’ என்னும் ஏற்பாடும் உண்டு. மனம் மாறினால் மீண்டும் கூடுதற்கு அது கதவைத் தாழிடாது வைக்கின்றது. 1976-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, இருவரும் இசைந்து மணமுறிவு கேட்டாலும், முதல் மனுவிற்குப்பின் ஆறு திங்கள் பொறுத்தல் வேண்டும். கூடிவாழ வாய்ப்பே இல்லாதவிடத்து அக்காலத்தைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறிற்று. கிறிஸ்தவர்க்குரிய 1869-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், இசைந்து பிரியும் வழி 2001-இல் சேர்க்கப்பட்டது.

ஆயினும் சட்டத்தால் ஒருவரை மற்றவரோடு வாழச் செய்ய இயலுமோ? இதற்குப் பம்பாயில் நிகழ்ந்த ருக்மாபாயின் வழக்கு தக்க சான்றாம். பதினோராம் வயதில் மணம் செய்விக்கப்பட்டுத் தாய்வீட்டிலேயே வளர்ந்த அப்பெண்மணியைத் தன்னோடு வாழ ஆணையிடுமாறு, 1884-இல் கணவன் வழக்குத் தொடுத்தான். 1887-இல் நீதிமன்றம் அவ்வாறே ஆணையிட்டது. மறுப்பின் சிறை என்றது. சிறையே மேல் என்றார் ருக்மாபாய். 1888-இல் பொருள் கொடுத்து வழக்கு முடிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று மீண்டு, நெடுங்காலம் மருத்துவத் தொண்டு புரிந்தார். அவ்வகை ஆணைக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம் உண்டு. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியைத் தன்னகத்தே கொண்ட ஆந்திர நாட்டின் உயர் நீதிமன்றம் 1983-இல் அவ்விதி அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லுமென்றது. விதி செல்லுவதாயினும், ஆணை கொண்டு கூட்டிய வீட்டில் அன்பு புகுமென்று எவரும் உறுதி கூறார். மற்று, துன்புறுத்தப்படும் பெண்ணுக்குக் காப்பாணையும் உறைவிட உரிமையும் தரும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், கூடுதற்கும் ஒருவகையில் துணையே எனலாம். அஞ்சாது மறுக்கக்கூடியவளே அஞ்சாது இசையவும் கூடும்.

இதுகாறும் கூறியவற்றால், பிரிந்தார் கூட்டம் நிலைபெறுதற்கு வேண்டுவன சில புலனாகும். பிழை செய்தவர் அதனைப் பெயர் சொல்லி ஒப்புதல் வேண்டும். ‘நடந்தது நடந்துவிட்டது’ என்பது ஒப்புதலன்று. துன்புற்றவர் முழுதும் சொல்லி முடிக்கும் வரை மற்றவர் இடைமறியாது கேட்டல் வேண்டும். ஆராய்ந்து பார்க்கக் காலம் தரல் வேண்டும். அடியும் குடியும் நிற்றல் வேண்டும். அவை நில்லாவிடத்து, பிரிந்து வாழ்தலே அறமாம். இருவர்க்கும் பொதுவான இழப்பாயின், அதனை ஒருவர் தலைமேல் மற்றவர் சுமத்தாது, சேர்ந்து அழக் கற்றல் வேண்டும். இவையாவும் நிறைவேறினும் பழைய வாழ்வு அப்படியே மீளாது. கடலெடுத்த குழந்தை வாராது. பிரிந்திருந்த ஆண்டுகள் வாரா. கூடியவர் தொடங்குவது புதியதோர் இல்லறம்.

மழைக்காலம் முடிந்தபின் பழவேற்காட்டிற்குச் செல்வோர் முகத்துவாரத்தருகே சிறிது நேரம் நின்று பார்ப்பாராக. சென்ற ஆண்டு நீர் ஓடிய இடத்தில் இவ்வாண்டு மணல்மேடு இருக்கலாம். வாயில் சற்று வடக்கே விலகித் திறந்திருக்கலாம். குப்பத்தார் பழைய இடத்தைத் தேடி வருந்துவதில்லை. நீர் எங்கே ஓடுகின்றதோ அங்கே படகைத் திருப்பி, ஓதம் ஏறும் நேரம் பார்த்து வலையை இறக்குகின்றனர்.